மதிப்பெண் சரியும் வாரங்களில்: நாமக்கல் பகுதியிலுள்ள ஒரு நீட் மறுதேர்வர் பயிற்சி மையம் பற்றிய மதிப்பீடு

இந்த மதிப்பீடு, நாமக்கல் பகுதியில் விடுதியுடன் இயங்கும் ஒரு நீட் மறுதேர்வர் (தேர்வை மீண்டும் எழுதுவோர்) பயிற்சி மையத்தைப் பற்றியது. 2025 மே மாதத் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்காததால் என் மகள் அந்த ஆண்டு ஜூலையில் அங்கு சேர்ந்தாள். அவள் இன்னும் அங்கேயே படித்து வருவதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் பிள்ளையை இத்தகைய வகுப்பில் சேர்க்க எண்ணும் பெற்றோர், எந்த மையத்திற்குச் சென்றாலும் கேட்டுத் தெளிய வேண்டிய செய்திகள் இதில் உண்டு.

முதலில் 2025-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கு வந்து சேர்ந்த மாணவர்கள் அனைவரும் அந்தத் தேர்வின் காயத்தோடுதான் வந்தார்கள். 2021 முதல் 2024 வரை, ஒவ்வொரு பாடத்தின் இரண்டாம் பிரிவிலும் பதினைந்து வினாக்களில் பத்துக்கு மட்டும் விடையளித்தால் போதும் என்ற சலுகை இருந்தது. 2025-இல் அது நீக்கப்பட்டு, 180 வினாக்களுக்கும் கட்டாயமாக விடையளிக்க 180 நிமிடங்களே தரப்பட்டன. இயற்பியல் பகுதியும் நீண்ட கணக்குகள் நிறைந்து, வழக்கத்தைவிட மிகக் கடினமாக அமைந்தது. 2024-இல், திருத்தப்பட்ட முடிவுகளின்படியே 17 பேர் 720-க்கு 720 பெற்றிருக்க, 2025-இல் நாட்டின் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. அந்த ஆண்டு 650-ஐத் தாண்டியவர்கள் நூறு பேர்கூட இல்லை. முந்தைய ஆண்டிலோ 650 எடுத்தவருக்கு முன்னால் பல்லாயிரம் பேர் இருந்தனர். பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. மருத்துவ இடங்கள் தரவரிசையைக் கொண்டே ஒதுக்கப்படுவதால், எல்லோருக்கும் மதிப்பெண் குறைந்த ஆண்டில் ஒருவர் பெற்ற 500, முந்தைய ஆண்டின் 600-ஐவிடத் தாழ்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. இதை உட்கார்ந்து விளக்கினால் எந்த மாணவருக்கும் புரியும். முடிவு வெளியான ஜூன் மாதத்தில் பல வீடுகளில் அதை விளக்குவதற்குத்தான் ஆள் இல்லை.

மையத்தில் தொடக்கத்தில் பழைய வினாத்தாள்களின் தரத்தில் வாரத் தேர்வுகள் நடத்தினார்கள். மதிப்பெண்கள் உயர்ந்தன, பிள்ளைகளுக்கும் நம்பிக்கை வந்தது. ஆகஸ்டு இறுதியில் 2025-இன் இயற்பியல் தரத்தை ஒட்டி வினாத்தாள் அமைக்கத் தொடங்கியதும், 580, 600 என்று எடுத்துக்கொண்டிருந்தவர்கள் 450-க்கு வந்தார்கள்; சரிவு வாரக்கணக்கில் நீடித்தது. அதை மாணவர்கள் எதிர்கொண்ட விதம் ஒன்றுபோல இல்லை. சிலர் இயற்பியலை அறவே கைவிட்டு, உயிரியலில் 360-க்கு 340 எடுத்துவிட்டால் எப்படியாவது கரையேறிவிடலாம் என்று என்சிஇஆர்டி என்ற மத்திய அரசுப் பாடநூலை வரிவரியாக மனப்பாடம் செய்வதில் முழு நேரத்தையும் செலவிட்டார்கள். சிலர், இழந்ததை ஒரே தேர்வில் மீட்டுவிடும் பதற்றத்தில், அரைகுறையாகத் தெரிந்த வினாக்களையெல்லாம் ஓஎம்ஆர் விடைத்தாளில் நிரப்பினார்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கிடைக்க வேண்டிய இடத்தில் தவறான விடையால் ஒன்று கழிந்தால் வேறுபாடு ஐந்து என்பதை நன்கு அறிந்த மாணவர்களே அப்படிச் செய்தார்கள். தேர்வு நாள் காலையில் தலைவலி, வயிற்றுவலி என்று விடுதியிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அவை பொய்யான வலிகள் என்று நான் நினைக்கவில்லை. என் மகள், ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அழைப்பில் மதிப்பெண் சொல்வதையே நிறுத்திவிட்டு, "நல்லாத்தாம்மா எழுதுனேன்" என்பதோடு பேச்சை மாற்றத் தொடங்கினாள். 450 என்ற எண்ணைவிட அந்த விலகல்தான் என்னை மிகவும் கலங்க வைத்தது.

அந்த வாரங்களில் மையத்தின் இயற்பியல் ஆசிரியர் செய்த பணி, நான் கட்டிய கட்டணம் முழுவதற்கும் ஈடானது என்று தயங்காமல் சொல்வேன். தவறிய ஒவ்வொரு வினாவையும் ஒரு நோட்டில் நான்கு கட்டங்களுள் ஒன்றில் எழுதச் சொன்னார்: கருத்தே புரியாதது, புரிந்தும் கணக்கிடுவதில் தவறியது, வினாவைச் சரியாக வாசிக்காதது, நேரம் போதாமல் விட்டது. மூன்று தேர்வுகளுக்குப் பின் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து அந்த நோட்டைப் பார்த்தார். என் மகளின் நோட்டில் நிரம்பியிருந்தது கடைசிக் கட்டம். தொடக்கத்திலேயே ஒரு நீண்ட கணக்கில் சிக்கிக்கொண்டு, பின்னால் இருந்த எளிய வினாக்களைப் படிக்காமலேயே விட்டிருக்கிறாள். உயிரியலை ஐம்பது நிமிடங்களுக்குள் முடித்து, வேதியியலுக்குப் பின் இயற்பியலை இரண்டு சுற்றாக எழுதுமாறும், முதல் சுற்றில் ஓரிரு படிகளில் முடியும் வினாக்களை மட்டுமே தொடுமாறும் அவளைப் பழக்கினார். மதிப்பெண்ணோடு வகுப்பில் அவரவர் நிற்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அவருக்கு உண்டு. நூறு மதிப்பெண்ணுக்கு மேல் குறைந்த ஒரு தேர்வில் தன் இடம் சற்றே முன்னேறியிருந்ததை அறிந்த பிறகுதான் என் மகள் மீண்டும் என்னிடம் மதிப்பெண்களைச் சொல்ல ஆரம்பித்தாள்.

இத்தகைய ஆசிரியரை வைத்திருக்கும் மையமே அவருடைய உழைப்புக்கு எதிரான ஏற்பாடுகளையும் வைத்திருக்கிறது. ஒவ்வொரு தேர்வின் முடிவும் பெயரோடு உணவுக்கூட வாசலில் ஒட்டப்படுகிறது. கடைசி இடங்களில் இருப்பவர்கள் மூன்று வேளையும் அதைக் கடந்துதான் சாப்பிடச் செல்ல வேண்டும். மாணவர் கைக்கு விடைத்தாள் வருவதற்கு முன்பே பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு மொத்த மதிப்பெண் வந்துவிடுகிறது. அதில் வகுப்பின் சராசரியோ வினாத்தாளின் கடினமோ இல்லாததால், பெற்றோரின் முதல் கேள்வி "ஏன் குறைந்தது?" என்பதாகவே அமைகிறது. அலுவலகத்தில் நான் வலியுறுத்திய பின் சராசரியைச் சேர்த்து அனுப்புகிறார்கள், அதற்கு நன்றி. சுவரில் ஒட்டும் பட்டியல் மட்டும் போட்டி மனப்பான்மைக்கு அவசியம் என்று நிர்வாகம் கருதுகிறது. இதை நான் ஏற்கவில்லை. அந்தப் பட்டியலால் ஊக்கம் பெற்ற ஒரு மாணவரையும் என் மகளால் குறிப்பிட முடியவில்லை. அதைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இரவு உணவைத் தவிர்த்தவர்களை அவள் அறிவாள்.

இதைவிடப் பெரிய குறை, மதிப்பெண் அடிப்படையில் பேட்ச் மாற்றுவது. நான் புகழ்ந்த அந்த இயற்பியல் ஆசிரியர் முதல் இரண்டு பேட்ச்களுக்கு மட்டுமே பாடம் எடுக்கிறார். இயற்பியலில் சரிந்ததால் மூன்றாம் பேட்ச்சுக்கு அனுப்பப்படும் மாணவர், சரிவிலிருந்து மீட்கக்கூடிய ஆசிரியரையே இழக்கிறார். விடுதி அறையும் அறைத்தோழிகளும்கூட மாறிவிடுகிறார்கள். மிகுதியாக உதவி தேவைப்படும் பிள்ளையிடமிருந்து அந்த உதவியை விலக்கும் இந்த முறை, கற்பித்தலின் அடிப்படைக்கே முரணானது. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வந்த மாணவர்கள் பெரும்பாலும் மூன்றாம் பேட்ச்சில்தான் இருக்கிறார்கள். நீட் வினாத்தாளைத் தமிழிலும் பெற முடியும் என்றாலும், மையத்தின் பாடக் குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன.

மனநல ஆலோசகர் ஒருவர்கூட இங்கு இல்லை. அரசின் 104, 14416 ஆகிய உதவி எண்கள் விடுதிக் காப்பாளர் அறைக் கதவில் ஒட்டப்பட்டுள்ளன. ஆனால் ஞாயிறு தவிர மற்ற நாள்களில் மாணவர் கையில் கைபேசி இருப்பதில்லை. மனம் உடைந்த ஒரு பெண், காரணத்தைச் சொல்லிக் காப்பாளரிடமே கைபேசியைக் கேட்டு வாங்கி, அவர் முன்னிலையில் அந்த எண்ணை அழைப்பாள் என்று எதிர்பார்க்க முடியாது. எவரும் அனுமதி கேட்காமல் பேசக்கூடிய ஒரு தொலைபேசியைத் தனி அறையில் வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. இதை எழுத்து மூலமாகவே கேட்டிருக்கிறேன்.

உணவு சுவையாகவும் சூடாகவும் இருக்கிறது. குடிநீர், கழிப்பறைத் தூய்மை பற்றிக் குறை இல்லை. இரவு ஒன்பதரை வரை நடக்கும் சந்தேக வகுப்பு பயனுள்ளது, வேதியியலுக்கு மட்டும் கூடுதலாக ஓர் ஆசிரியர் வேண்டும். கட்டணம் விடுதியோடு சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது, இதே பகுதியின் மற்ற மையங்களோடு ஒப்பிட்டால் அது மிகையில்லை. செப்டம்பருக்குப் பின் விலகினால் ஒரு ரூபாயும் திரும்பக் கிடைக்காது என்ற நிபந்தனை சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. மாணவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அழுவது பெரும்பாலும் அக்டோபரில்தான் என்பதால், சேர்க்கும் முன் அந்தத் தேதியையும், பேட்ச் மாறினாலும் அதே ஆசிரியர்கள் தொடர்வார்களா என்பதையும் நிர்வாகத்திடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.