கண்டவனுக்கு என்ன கூலி? சிவிலைசேஷன் 6-உடன் சில வருடங்கள்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து மச்சான் கூப்பிட்டார். "மாப்ளே, நீ ராத்திரி ராத்திரியா உக்காந்து ஆடுவியே, அந்த சிவிலைசேஷன் 6, இப்ப கிட்டத்தட்ட சும்மா குடுக்குறாய்ங்க. வாங்கவா, வேணாமா? ஒரு வார்த்தையில சொல்லு." ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் லேப்டாப்பும் ரிப்பேரிலிருந்து திரும்பியிருந்தது. ஃபேனுக்குள் செம்மண் புழுதி அடை அடையாக இருந்ததாம். துடைத்துக் கொடுத்தவர், "கேம் ஆடுறதக் கொஞ்சம் கொறைங்க தம்பி" என்றார். அந்தப் புத்திமதிக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

நாடு ஒன்றை வளர்த்து எதிரிகளை முந்தும் கம்ப்யூட்டர் ஆட்டம் இது. நகரம் கட்டுவது, வரி, படை, ராஜதந்திரம் எல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, மச்சான் அங்கே பார்த்துக்கொள்ளலாம். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம். இயற்கை அதிசயங்கள். இந்த ஆட்டத்தை நான் விடாமல் ஆடுவதற்கும் அவைதான் காரணம், நடு ராத்திரியில் மவுஸைத் தூக்கி எறியப் போனதற்கும் அவைதான் காரணம்.

2020 மே மாதம், ஊரடங்கு நேரம். எபிக் ஸ்டோரில் ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டேன். வளவில் தூண் ஓரமாகப் பாயைப் போட்டு உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது அப்பத்தா வந்து பின்னால் நின்று பார்த்தது. இந்த ஆட்டத்தில் நாம் போகாத இடமெல்லாம் பழுப்பேறிய காகிதமாகத் தெரியும். போய்விட்டு வந்த இடம் மசியில் கோடு போட்ட படமாக மாறும். நம் ஆள் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும்தான் முழு வண்ணம். "இது என்னடா, பழைய கெரயப் பத்திரம் மாதிரி இருக்கு?" என்றது அப்பத்தா. பெட்டகத்தில் அந்தக் காலத்துப் பத்திரங்களைப் பார்த்த கண் அது. சரியாகத்தான் சொன்னது. அந்தக் காகிதத்தை ஸ்கவுட் என்ற வேவுக்காரன் ஒரு கட்டம் ஒரு கட்டமாகக் கிழித்துக்கொண்டு போனான். குன்று ஏறினால் ஒரு டர்னில் பாதிக்கு மேல் நடை போய்விடும், காட்டுக்குள் நுழைந்தாலும் அதே கதை. ஏறினான். திடீரென்று இசை மாறியது. கேமரா தானாகக் கீழே இறங்கி ஒரு மலையைச் சுற்றிக் காட்டியது. மூன்று கட்டம் அடைத்து நின்ற எவரெஸ்ட். நடிகர் ஷான் பீன் குரலில் ஒரு மேற்கோள். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை, அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதற்கு இணையாக வேறு எந்த ஆட்டத்திலும் நான் பார்த்ததில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த இசை மாறும்போது முதுகு நிமிர்கிறது.

சரி, பார்த்தாயிற்று. அப்புறம்?

அங்கேதான் என் வழக்கு. முதல் அதிசயத்தைப் பார்த்தவுடன் சோதிடக் கலைக்கு ஒரு யுரேகா கிடைக்கும், அதை ஆராய்ந்து முடிக்க ஆகும் செலவில் ஒரு பங்கு குறையும். பிறகு எத்தனை பார்த்தாலும் அது இல்லை. ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கம் போட்டிருந்தால் எரா ஸ்கோர் என்ற யுகப் புள்ளி கொஞ்சம் ஏறும். மற்றபடி பலன் பெரும்பாலும் அந்த நிலத்தைச் சொந்தமாக வைத்திருப்பவனுக்குத்தான். கிரேட்டர் லேக் தன் கட்டத்திலேயே ஃபெய்த் என்ற சமயப் புள்ளியும் சயின்ஸும் தரும். கலாபகோஸ் பக்கத்துக் கட்டங்களுக்கு இரண்டிரண்டு சயின்ஸ். கிளிமஞ்சாரோ சுற்றியுள்ள கட்டங்களுக்கு இரண்டு உணவு. அதிசயத்தை ஒட்டிக் கோயில் வளாகம் போட்டால் அதற்கும் ஃபெய்த் கூடும். எல்லாம் நல்லதுதான், ஆனால் ஊர் கட்டியவனுக்கு. காட்டையும் மலையையும் தாண்டிப் போய்க் கண்டுபிடித்தவனுக்கு?

இதற்கு முந்தைய ஐந்தாம் பதிப்பு 2010-இல் வந்தது. இயற்கை அதிசயங்களை இந்தத் தொடரில் முதலில் கொண்டுவந்ததும் அதுதான். அதில் கணக்கு வேறு. எவன் நிலத்தில் இருந்தாலும் சரி, நீங்கள் பார்த்த ஒவ்வொரு அதிசயத்துக்கும் நாடு முழுவதற்கும் ஒரு மகிழ்ச்சிப் புள்ளி, ஆட்டம் முடியும்வரை. எல் டொராடோவை முதலில் கண்டவனுக்கு 500 பொன், உடனே. ஸ்பெயினை எடுத்து ஆடினால் எந்த அதிசயத்தை முதலில் கண்டாலும் 500. ஆட்டத்தின் தொடக்கத்தில் அந்தக் காசுக்குப் புது ஊர் நிறுவும் ஒரு செட்லரையே வாங்கிவிடலாம். அது அதிர்ஷ்டச் சீட்டு மாதிரி இருந்தது, நியாயமில்லை என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஸ்பெயின் எடுத்து நாலாவது டர்னில் ஒரு மலை கிடைத்துவிட்டால் எதிராளி பாதி தோற்றாயிற்று. ஆனால் அங்கே நடந்தவனுக்குக் கூலி இருந்தது. கண் பார்த்ததற்கே காசு.

(கானாடுகாத்தானில் வீட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் நாம் காசு வாங்குகிறோம், நீ என்னடா பார்த்தவனுக்குக் காசு கேட்கிறாய் என்று மச்சான் கேட்பார். கேட்கட்டும்.)

அந்த ஐந்தாம் பதிப்பில் இலங்கையின் சிவனொளிபாத மலையும் உண்டு, ஸ்ரீ பாத என்ற பெயரில், இரண்டு உணவும் நாலு ஃபெய்த்தும் தரும். 2012-இல் வந்த விரிவாக்கத்தில் சேர்த்தார்கள். ஆறில் அது இல்லை. எங்கள் ஐயா கொழும்பில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாக உயர்ந்தவர், அந்த மலையை இரண்டு தடவை ஏறியவர். ஒருநாள் ஐந்தைத் திறந்து அப்பத்தாவிடம் அந்தக் கட்டத்தைக் காட்டினேன். "இம்புட்டுக் குட்டியாவா இருக்கும்? அவுக சொல்லும்போது மூணு நாள் கதையா இருக்குமே" என்றது. ஐந்தில் மலை எல்லாம் ஒரு கட்டத்துச் சாமான்தான். ஆறில் இருந்திருந்தால் எப்படிக் காட்டியிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது என் வயிற்றெரிச்சல் கதைக்கு வருகிறேன். மச்சான், இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் துரோகம் செய்தது உங்கள் ஊர்.

நான் ஊர்களுக்கு நம் பக்கத்துப் பெயர்களைத்தான் வைப்பேன், ஆங்கில எழுத்தில். காரைக்குடி தலைநகரம், அப்புறம் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம். அந்த ஆட்டத்தில் என் ஸ்கவுட் வரைபடத்தின் மறுகோடியில் டொரஸ் டெல் பைனேயைக் கண்டுபிடித்தான். பக்கத்துக் கட்டங்களின் நில விளைச்சலை இரட்டிப்பாக்கும் மலை அது. செட்லரைக் கிளப்பினேன். கூடவே ஒரு வில்லாளியைத் துணைக்கு அனுப்பினேன். காட்டுமிராண்டிகளிடம் தப்பி, ஆற்றைச் சுற்றி, பதினெட்டு டர்ன் நடந்து போய் ஊரை நிறுவினேன். பெயர் தேவகோட்டை. நிறுவிய மறு டர்னே ஊரின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. லாயல்ட்டி, அதாவது ஊர் என்மேல் வைத்திருக்கும் விசுவாசம், இறங்குகிறது.

ரைஸ் அண்ட் ஃபால் 2018-இல் கொண்டுவந்த விதி இது. ஒன்பது கட்டத்துக்குள் இருக்கும் குடிமக்கள் எல்லோரும் உங்கள் ஊரைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள், தூரம் கூடக் கூட இழுவிசை குறையும். என் ஆட்கள் எல்லோரும் இருபது கட்டத்துக்கு அப்பால். பக்கத்தில் எதிரி மன்னன் கில்காமேஷுக்கு மூன்று ஊர். ஒரு கவர்னரை அனுப்பினேன், எட்டுப் புள்ளி தாங்கிப் பிடித்தார். அதுவும் போதவில்லை. ஊர் தனி ஊராகப் பிரிந்தது, கொஞ்ச டர்னில் கில்காமேஷிடம் போய்ச் சேர்ந்தது. அவன் அந்த மலையைத் தேடி ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. வீட்டில் சும்மா இருந்தான், மலை அவன் மடியில் வந்து விழுந்தது. அந்த ராத்திரிதான் மவுஸ்.

கோபம் ஆறி யோசித்தால் அந்த விதியிலும் ஒரு நியாயம் தெரிகிறது, அதுதான் இன்னும் எரிச்சல். கடல் தாண்டிக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்து பொருள் சேர்க்கப் போனவர்கள் ஊர் இது. 1930-களில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஒரு பெரிய பங்கு நம் செட்டிநாட்டு ஆட்கள் கையில் வந்திருந்தது. போரும் அதன் பிறகு வந்த நிலச் சட்டங்களும் வந்தபோது என்ன ஆயிற்று என்று எங்கள் தெருவில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். தூர தேசத்தில் வைத்த சொத்து எவ்வளவு நாள் நிற்கும் என்று வரலாறு சொல்வதைத்தான் ஆட்டமும் சொல்கிறது. ஆனால் போனவர்கள் வெறுங்கையாகத் திரும்பவில்லையே. தேக்கு வந்தது, கண்ணாடி வந்தது, தமிழில் கலந்துவிட்ட நாலு பர்மியச் சொல்லும் வந்தன. ஆட்டத்தில் எனக்கு வந்தது யுரேகா ஒன்று.

முதலில் கண்டவனுக்கு அந்த மலையில் ஏதாவது ஒரு பாத்தியதை கொடுத்திருக்கலாம். டர்னுக்கு ஒரு புள்ளி கலாச்சாரம், அல்லது அங்கே வணிகப் பாதை அனுப்பினால் கூடுதல் பொன். நிலம் கில்காமேஷுடையதாகவே இருக்கட்டும், எனக்கென்று ஒரு நூல் அங்கே கட்டியிருந்தால் போதும். வழியில் இருக்கும் பழங்குடிக் கிராமங்கள்கூட அந்த விஷயத்தில் நேர்மையானவை. போனால் பொன்னோ ஆளோ ஏதோ கையில் கொடுத்துவிட்டு மறைந்துவிடும்.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2019-இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தில் கிளிமஞ்சாரோவும் வெசுவியஸும் குமுறும் எரிமலைகள். பயமாகவும் இருக்கும், வெடித்த பிறகு மண் வளமாகவும் ஆகும். அது அருமை. கப்பல் விட்டுக் கடைசிக் காலத்தில் கண்டுபிடிக்கும் அதிசயங்கள் பெரும்பாலும் சும்மா அழகுக்குத்தான். ஆட்டம் தொடங்கிய இடம் பிடிக்காவிட்டால் ரீஸ்டார்ட் பொத்தான் இருக்கிறது. பக்கத்தில் அதிசயம் தெரியும்வரை அதைத் தட்டுகிறவர்கள் உண்டு. நானும் தட்டியிருக்கிறேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்படித் தட்டிக் கண்ட மலைக்கு முதுகு நிமிர்வதில்லை.

லாயல்ட்டி வேண்டாமென்றால் விரிவாக்கம் இல்லாத பழைய விதிகளைத் தேர்ந்தெடுத்து ஆடலாம், தொடக்கத் திரையிலேயே கேட்கும். ஆனால் அங்கே எரா ஸ்கோரும் கிடையாது, எரிமலையும் கிடையாது. நான் ஒரு மாதம் அப்படி ஆடிப் பார்த்தேன். தேவகோட்டை நின்றது. ஆட்டம் உப்பில்லாத குழம்பாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் ஆடியவன், இத்தனை புகழ்ந்தவன், கடைசியில் மச்சானுக்கு அனுப்பிய பதில்: வாங்காதீங்க. ஐந்தாம் பதிப்பு போதும்.

மெசேஜ் போய்ச் சேர்ந்து பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து வாய்ஸ் நோட். முந்தின நாளே விரிவாக்கம் எல்லாம் சேர்த்து வாங்கிவிட்டிருக்கிறார். "மாப்ளே, ஆறாவது டர்ன்ல ஒரு மலை வந்துச்சு. சுத்திச் சுத்திக் காட்டுனான். ஒரு ஆளு இங்கிலீஷ்ல என்னமோ படிச்சாரு. நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப இத வச்சு என்ன செய்யணும்?"

"பக்கத்துல யாரு ஊரு இருக்குன்னு மொதல்ல பாருங்க மச்சான்" என்று பதில் போட்டேன்.