பட்டறையா, பேரீச்சம்பழமா?

எங்கள் மாருதி ஆம்னி வேன் 2006ஆம் ஆண்டு வண்டி. டிஎன் 03 பதிவு. திருவொற்றியூரில், கடலுக்கு நாலு தெரு தள்ளி, இருபது வருடமும் வெட்டவெளியில்தான் நின்றது. பின் இருக்கையைக் கழற்றிவிட்டுத் தச்சரை வைத்துப் பலகை அடித்து, மேலே இலவம்பஞ்சு மெத்தை போட்டு, வேளாங்கண்ணி, ஏலகிரி, பழவேற்காடு என்று சுற்றியிருக்கிறோம். இரவில் மூன்று பேர் அதிலேயே படுப்போம். என் கால் மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) முடிந்தது. பட்டறையில் விட்டு முழுதாகச் சரி செய்வது, இருக்கிறபடியே விற்பது, உடைக்கக் கொடுப்பது என்று மூன்று வழிகள் இருந்தன. நான் உடைக்கக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எஞ்சினைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர். மாருதி 800இல் ஓடிய அதே குடும்பம். ஆம்னி தயாரிப்பு 2019இல் நின்றுவிட்டாலும் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரு காலைப்பொழுது அலைந்தால் வேண்டிய பாகம் கையில் வந்துவிடும். பிரேக், கிளட்ச், டயர் எல்லாம் காசு கொடுத்தால் தீர்கிற நோய்கள். எஞ்சின் புகைகிறது என்பதற்காக ஆம்னியை யாரும் கைவிட வேண்டியதில்லை.

தீராத நோய் தரைத்தகடு. ஆம்னிக்கு லாரிபோலத் தனிச் சட்டம் கிடையாது. தரையும் பக்கங்களும் சேர்ந்த உடம்பேதான் எலும்புக்கூடு. பின்பக்கப் பட்டைவில்கள் தொங்குவதும் அந்த அடித்தகட்டில்தான். எங்கள் பக்கத்துக் காற்றில் உப்பு உண்டு. ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் உரிந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வண்டி இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் கால்மிதியைக் காயவைத்தோம். அதன் கீழே ஒட்டியிருந்த பஞ்சை யாரும் உரித்துப் பார்க்கவில்லை. என் தப்புதான்.

தண்டையார்பேட்டையில் ஒரு டிங்கர் (தகடு வேலை செய்பவர்) வண்டியைத் தூக்கி நிறுத்தி, கையில் திருப்புளியுடன் அடியில் நுழைந்தார். நல்ல தகட்டில் தட்டினால் 'டங்' என்று கேட்கும். எங்கள் வண்டியில் மொத்தென்று கேட்டது. இழுத்துத் திறக்கும் கதவின் கீழ்த் தண்டவாளம் பக்கம் லேசாக அழுத்தினார். அப்பளம் நொறுங்குவதுபோல் திருப்புளி பிடிவரை உள்ளே போனது. கொட்டிய பழுப்புத் தூளை உள்ளங்கையில் வாங்கிக் காட்டி, "வெல்டிங் வைக்கலாம் அண்ணா, எதில் வைப்பது?" என்றார்.

முடிவு எனக்கு அங்கேயே கிடைத்தது. ஒட்டுப்போடும் புதுத் தகடு பிடித்துக்கொள்ள, சுற்றிலும் கெட்டியான பழைய தகடு வேண்டும். துரு பெரும்பாலும் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் இடுக்கில் தொடங்குகிறது. வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை தெரிந்தால், உள்ளே ஒரு சாண் போயிருக்கும். அதற்கு மேல், வெல்டிங் சூடு பின்பக்கத்துப் பெயின்டைக் கருக்கிவிடும். கைபோகாத அந்த இடத்தில் அடுத்த மழைக்கே துரு மறுபடி பூக்கும். சில பட்டறைகளில் துருவைச் சுரண்டாமலே பட்டி வைத்துக் கறுப்புப் பூச்சு அடித்துத் தருவார்கள். பளபளவென்று இருக்கும், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு தகட்டைத் தின்றுகொண்டிருக்கும். எனக்குச் சொன்ன மதிப்பு 48,000 ரூபாய். இரண்டு மழைக்காலத்துக்கு மேல் உத்தரவாதம் தர அவரே சம்மதிக்கவில்லை.

இதற்கு மேல் எஃப்சி செலவு. 2021இல் பதிவைப் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ளபடி இருக்கையைத் திரும்பப் பொருத்திக் காட்டவும் வேண்டும்.

அதற்காக எல்லோரும் உடைக்கக் கொடுங்கள் என்று சொல்லமாட்டேன். மாதவரத்தில் என் பெரியப்பா மகனிடம் 2005ஆம் ஆண்டு ஆம்னி இருக்கிறது. கடலுக்குத் தூரம், கூரைக்கடியில் நிற்கிற வண்டி. அடியில் தட்டினால் கோயில் மணிபோலக் கேட்கிறது. அவர் பத்தாயிரம் கட்டிப் புதுப்பித்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

விற்கும் வழியையும் பார்த்தேன். தரகர் அழைத்து வந்தவர் 35,000 தருவதாகச் சொன்னார். பின்பக்கம் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர் உட்காரலாம்?" என்று கேட்டார். அந்தத் தரையின்மேல் பிள்ளைகளா! வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பெயர் மாற்றமும் ஒரு தலைவலி. வாங்கியவர் பெயரை மாற்றாமல் ஓட்டி விபத்து நடந்தால், ஆர்சியில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் கையில் உடனே பணம் கிடைக்கும். ஆனால் ஆர்சி உயிரோடு இருக்கும், உங்கள் பெயரில். அதனால் அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்துக்குப் போனேன். கிடைத்தது 22,000. அங்கே வண்டியின் அடையாளமான சேசிஸ் எண் உள்ள துண்டை வெட்டி ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆர்சி ரத்தாகிவிடுகிறது. வைப்புச் சான்றிதழ் ஒன்றும் தருகிறார்கள். அதைக் காட்டிப் புதுச் சொந்த வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது, சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது.

நான் வாங்கியது 2019ஆம் ஆண்டுப் பழைய மாருதி ஈகோ வேன். அதற்கு அந்தச் சலுகை செல்லாது. வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. அதன் அடித்தகடு எங்கள் தெருக் காற்றை எப்படித் தாங்கும் என்று இப்போதே புகழ்ந்துவிட முடியாது. வாங்குவதற்கு முன் கால்மிதியைப் பஞ்சோடு உரித்து, திருப்புளியால் தட்டிப் பார்த்தேன். விற்றவருக்குக் கோபம். மழைக்கு முன்னும் பின்னும் அடியை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன்.

பழைய பலகையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன். ஈகோவில் போட்டால் தலைமாட்டில் ஒரு சாண் இடைவெளி விழுகிறது. சான்றிதழை இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம் என்று தெரிந்ததிலிருந்து, புது வண்டி பார்த்துக்கொண்டிருக்கும் என் மைத்துனர் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருகிறார்.