எறும்புக்கான கூழ் மருந்து: குசினியில் பலித்தது, கிணற்றடியில் பலிக்கவில்லை

கடந்த ஐப்பசியில் மழை தொடங்கியதும் கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டின் குசினி, குளியலறை, கிணற்றடி ஆகிய மூன்று இடங்களிலும் எறும்புத் தொல்லை ஒன்றாகத் தலையெடுத்தது. மூன்றும் வெவ்வேறு எறும்புகள் என்பது எனக்கு அப்போது தெரியாது. யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் எறும்புக்கு மருந்து கேட்டபோது, மெல்லிய ஊசிக்குழாயில் அடைக்கப்பட்ட, தேன் நிறமான இனிப்புக் கூழ் ஒன்றைத் தந்தார்கள். நான்கு பைக்கற் எறும்புத் தூளின் விலையை ஒரு குழாய்க்குக் கொடுக்க வேண்டியிருந்ததால், அது கொடுத்த காசுக்குப் பெறுமதியானதா என்பதை மூன்று மாதங்கள் பொறுமையாகப் பார்த்த பின்பே இதை எழுதுகிறேன்.

கூழை வாங்குவதற்கு முன் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிட வேண்டும். சீனிப் போத்தலைச் சுற்றி எறும்பு வரிசை கட்டியதும், விசிறும் பூச்சிகொல்லியை எடுத்து வரிசை முழுவதற்கும் அடித்தேன். அன்றிரவு குசினி துப்புரவாக இருந்தது. ஆனால் ஒரு கிழமைக்குள் மாப்பேணியடியில் ஒன்று, யன்னல் நிலையில் ஒன்று, பால்மா வைக்கும் தட்டில் ஒன்று என மூன்று வரிசைகள் முளைத்தன. வெளியே இரை தேடித் திரிபவை கூட்டத்தின் சிறு பகுதிதான். இராணிகளும் குஞ்சுகளும் சுவர் வெடிப்புக்குள்ளேயே இருக்கின்றன. பல இராணிகளைக் கொண்ட எறும்பினங்கள், இப்படி விசிறிக் கலைக்கப்படும்போது இராணிகளையும் முட்டைகளையும் பிரித்துக்கொண்டு போய்ப் புதுக் கூடுகளை அமைத்துக்கொள்ளும். எறும்பு வெண்கட்டியால் கோடு கீறிப் பார்த்ததும் இதே கதையாகத்தான் முடிந்தது. பள்ளிக்கூட வெண்கட்டியைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு நஞ்சைச் சிறு பிள்ளைகள் தவழும் வீட்டில் வைத்திருந்ததை நினைக்க இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

கூழைப் பூசுவதற்கு முன்னர், மகளின் விஞ்ஞான பாடத்துக்காக வாங்கிய கைவில்லையை எடுத்து, சீனிப் போத்தலடி எறும்பு ஒன்றை ஒட்டும் நாடாவில் பிடித்து வெள்ளைத்தாளில் ஒட்டிப் பார்த்தேன். நீளம் ஒன்றரை மில்லிமீற்றர் கூட இராது. தலை கருமையாக இருந்தது. வயிறும் கால்களுமோ பால் கலந்த நீர் போல வெளிறி, தாளின் வெண்மையோடு கரைந்துபோயின. மேசையில் ஓடும்போது ஒரு கரும்புள்ளி மட்டும் நகர்வதாகக் கண்ணுக்குத் தெரிவதற்கு இதுவே காரணம். விரலால் நசுக்கி முகர்ந்தபோது, காறிய தேங்காயெண்ணெயின் மணம் வந்தது. உலகெங்கும் ‘பேய் எறும்பு’ என்று பெயர் பெற்ற தாப்பினோமா மெலனோசெபலம் என்னும் இனத்துக்கு இந்த நிறமும் இந்த மணமும் தெளிவான அடையாளங்கள். “எறும்பு தின்றால் கண் தெரியும்” என்று சொல்லி, எறும்பு மிதந்த தேநீரை அம்மா ஊதி ஊதிக் குடித்தது நினைவுக்கு வருகிறது. ஆயினும் குப்பையிலும் கழிவுநீர்க் குழாயடியிலும் ஊர்ந்த கால்களோடு பால்மாவுக்குள் இறங்கும் எறும்பைக் குழந்தை உள்ள வீட்டில் அப்படி விட்டுவிட முடியாது.

இந்தப் பேய் எறும்பிடம் கூழ் மிக நன்றாக வேலை செய்தது. குழாயின் உறையில், இமிடாகுளோபிரிட் என்னும் பீடைநாசினி 0.03 சதவீதம் கலந்திருப்பதாக எழுதியிருந்தது. அளவு இவ்வளவு குறைவாக இருப்பதுதான் அதன் சூட்சுமம். உண்ட எறும்பு அங்கேயே செத்து விழாமல், இனிப்பைத் தன் வயிற்றில் சுமந்து கூட்டுக்குக் கொண்டுபோய், மற்ற எறும்புகளுக்கும் குஞ்சுகளுக்கும் இராணிக்கும் வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறது. போத்தல் மூடிகளில் பயறளவு கூழ் இட்டு, வரிசை போகும் வழியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும் தட்டின் உள்மூலையிலும் வைத்தேன். முதல் நாள் இரவு எறும்பு முன்பைவிடப் பல மடங்கு திரண்டது. கூழைச் சுற்றி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, கறுப்பு மணிகள் கோத்த வளையம் போல நின்றன. விசிறும் பூச்சிகொல்லியைத் தேடிக் கை போனதை அடக்கிக்கொள்வதற்குப் பெரும்பாடு பட்டேன். மூன்றாம் நாள் வரிசை மெலிந்தது. ஒன்பதாம் நாள் காலையில் சீனிப் போத்தலடியில் ஓர் எறும்பும் இல்லை.

அந்த ஒன்பது நாளும் பனங்கட்டி, சீனி, பயற்றம் பணியாரப் பேணி எல்லாவற்றையும் இறுக மூடி, குசினியில் திறந்திருக்கும் இனிப்பு கூழ் ஒன்றே என்னும் நிலையை உண்டாக்கினேன். வரிசை போன வழியைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைப்பதையும் எறும்பு ஒழியும் வரை தள்ளிப்போட்டேன். அவை தரையில் இட்டுச் செல்லும் மணத்தடம் அழிந்தால் கூழுக்கு வரும் வழியும் அழிந்துவிடும். நம் ஊர்ச் சூட்டில் கூழ் இரண்டு நாளில் தோல் கட்டி இறுகிவிடுவதால், மூடிகளை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. உறையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது பெரிய குறை.

குளியலறையில் பயன் பாதிதான். அங்கே திரிந்தவை மெலிந்த கருநிற உடலும், அளவுக்கு மிஞ்சி நீண்ட கால்களும் உணர்கொம்புகளும் கொண்டு, நேராகப் போகாமல் திக்குத் தெரியாதவை போல அங்குமிங்கும் விரைந்தோடும் எறும்புகள். ஒரு நாள் மின்விளக்கு எரியாமற்போக, மின்னியலாளர் ஆளியைக் கழற்றியபோது உள்ளே செத்த எறும்புகள் ஒரு சிட்டிகை அளவு பொடியாகக் கொட்டுண்டன. கூழை இவை உண்டன, சில நாள் குறைந்தன, பின்னர் மீண்டும் வந்தன. கூடுகள் வீட்டுக்குள் இல்லை என்பதும், வெளியே பூச்சாடிகளின் அடியிலும் சுவரோரத்து ஓலைக் குவியலிலும் பல கூடுகள் இருந்தன என்பதும் பின்னர்தான் தெரிந்தன. ஓலையை அகற்றி, குழாய் நுழையும் துவாரத்தைச் சீமெந்தால் அடைத்த பிறகே தொல்லை அடங்கியது. அந்தப் பெருமையைக் கூழுக்குக் கொடுக்க மாட்டேன்.

கிணற்றடியில் கூழ் முற்றாகத் தோற்றது. அங்கிருந்தவை செம்பழுப்பு நிறமான நெருப்பெறும்புகள். தோலைத் தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு, பின்புறக் கொடுக்கால் குத்தி நஞ்சேற்றுவதால்தான் அந்த எரிவு. குத்திய இடம் தடித்துப் பல மணி நேரம் அரிக்கிறது. இனிப்புக் கூழை அவை சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. பக்கத்தில் வைத்த கருவாட்டுத் துண்டையோ சில நிமிடங்களில் மொய்த்துவிட்டன. விதையையும் எண்ணெய்ப் பண்டத்தையும் இறைச்சியையும் நாடும் எறும்புக்கு இனிப்பை விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். கடையில் “எந்த எறும்பு?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமாயிருந்தது. வேறு நஞ்சுத் தூளைக் கரைத்து ஊற்றும்படி சிலர் சொன்னார்கள். நாம் குடிப்பது சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் தேங்கி நிற்கும் நிலத்தடி நீரை. மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேர்வதற்கு அதிக நேரம் ஆகாது. எனவே கிணற்றடியில் எந்த நஞ்சையும் ஊற்ற நான் இணங்கவில்லை. கிணற்றுக்கட்டுக்கு அப்பாலுள்ள கூடுகளுக்குக் கொதிநீரை இரண்டு மூன்று முறை ஊற்றினோம். கூட்டம் ஒழியவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது.

எங்கள் குசினியின் மாற்றத்தைக் கண்ட அயல்வீட்டு மாமி ஒரு மாலை வந்து, “பிள்ளை, உந்த மருந்திலை கொஞ்சம் தா, யன்னலடியெல்லாம் செட்டை முளைச்ச எறும்பு” என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். நான்கு செட்டைகளும் ஒரே நீளம், இடை சுருங்காமல் நேரான உடல், மணி கோத்தது போன்ற நேரான உணர்கொம்பு. அது ஈசல், கறையானின் இறகு முளைத்த பருவம். எறும்பாக இருந்தால் இடை ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கை போல மடிந்து, முன்செட்டை பின்செட்டையைவிட நீண்டிருக்கும். அவருடைய யன்னல் நிலையைத் தட்டிப் பார்த்தபோது உள்ளே வெறுமையாக ஒலித்தது. இந்தக் கூழ் அதற்கு எவ்வகையிலும் உதவாது என்று சொல்லி, தச்சரை அழைக்கச் செய்தேன்.

உறையைப் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு. அதில் தமிழில் ஒரு வரியும் இல்லை. முகப்பில் அச்சிட்டிருப்பதோ பெரிய கட்டெறும்பின் படம். எங்கள் வீட்டில் இந்தக் கூழுக்கு மடிந்ததோ கண்ணுக்கு எட்டாத பேய் எறும்பு. இமிடாகுளோபிரிட் தேனீக்களுக்குக் கொடிய நஞ்சு என்பதால், கூழை வீட்டுக்கு வெளியே, அதிலும் பூத்து நிற்கும் முருங்கையடியில், வைக்கவே கூடாது. மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருக்கும் முசுறையும் நான் தொடவில்லை. காய் பறிக்கும்போது கடித்தாலும், மரத்தை அரிக்கும் பூச்சிகளைத் தின்று காப்பது அது.

குசினியில் கருந்தலையும் வெளிறிய உடலும் கொண்ட சிற்றெறும்பு என்று கைவில்லையில் உறுதியானால், இந்தக் கூழைத் தயங்காமல் வாங்கலாம். ஒரு குழாயில் பாதி எனக்கு இன்னும் மீதமிருக்கிறது. மூடி இறுக்கி, பெயர் எழுதி ஒட்டி, அலுமாரியின் மேல்தட்டில் பூட்டி வைத்திருக்கிறேன்.