கஞ்சா, சிகரெட், சாராயம், பாக்கு: எது விடாமல் பிடிக்கும்?

"சார், கஞ்சா பழக்கமாகாதாமே, சிகரெட்டைத்தான் விட முடியாதாம். நெசமா?"

உயர்தரம் படிக்கும் பையன். டியூஷன் முடிந்து மற்றவர்கள் டிக்கோயா பஸ்ஸுக்கு ஓடிய பிறகு தனியாக நின்று கேட்டான். யாரோ அவனிடம் பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். மீதியை நான் சொன்னேன். ஹட்டன் பக்கத்து லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இதே பேச்சு அடிபடுவதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. ஒரு பொருளை ஒரு தடவையாவது தொட்டவர்களில் எத்தனை பேர் அதற்கு அடிமையானார்கள் என்று 1994இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று பார்த்தது. புகையிலைக்கு 100இல் 32 பேர், மதுவுக்கு 15, கஞ்சாவுக்கு 9. 2011இல் வந்த இன்னொரு ஆய்வு வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுத்தது. அதில் புகையிலையிலுள்ள நிகோட்டின் மூன்றில் இரண்டு பங்கினரைப் பிடித்திருந்தது, மது 100இல் 23 பேரை. கஞ்சா மட்டும் அதே 9இல் நின்றது. சட்டப்படி கடையில் விற்கிற பொருள்தான் கூடுதலான பேரைப் பிடிக்கிறது. அதை மறைத்துப் பேசினால் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள்.

ஆனால் அந்த 9 எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. பதின்ம வயதில் தொடங்கியவர்களை மட்டும் எடுத்தால் ஆறில் ஒருவர் மாட்டுகிறார். சரக்கும் பழையதல்ல. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி 1995இல் ஏறத்தாழ 4 வீதம், 2014இல் 12 வீதம். நான் பார்த்தவரை நம்ம பையன்கள் கஞ்சாவைச் சிகரெட் தூளோடு கலந்துதான் சுற்றுகிறார்கள். அப்படி இழுப்பவனை முதலில் பிடிப்பது எது? 9 பேரைப் பிடிப்பதா, 32 பேரைப் பிடிப்பதா?

அடுத்தது, விடும்போது என்ன நடக்கும் என்பது. இதில் சாராயத்துக்குப் பக்கத்தில் நிற்க எதுவும் இல்லை.

எங்கள் லயத்தில் ஒரு மாமா, இருபது வருடக் குடி. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினார். எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி கொட்டியது. மூன்றாம் இரவு கம்பளியை உதறி எழுந்து, "சுவரெல்லாம் அட்டை ஊருது, உப்பு கொண்டா"ன்னு கத்தினார். சுவரில் ஒன்றுமில்லை. வேர்த்து ஊற்றியது, அத்தையையே அடையாளம் தெரியவில்லை. தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிழைத்தார். அம்மன் கோபம் என்று சிலர் சொன்னார்கள். நீண்ட காலம் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இப்படிப் புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்த வேண்டியது அது.

சிகரெட்டை விடுபவருக்கு எரிச்சல் வரும், பசி கூடும், மனம் அலையும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பெரும்பாலானோர் திரும்பவும் பற்றவைப்பது இதைத்தான்.

கஞ்சாவை விடுபவருக்கு ஒன்றுமே ஆகாது என்பதும் பொய். தூக்கம் வராது, வந்தால் கெட்ட கனவு. சோறு இறங்காது, தொட்டதற்கெல்லாம் கோபம். ஓரிரு நாளில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சமாகி, இரண்டு வாரமளவில் அடங்கும். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். இதைச் சொன்னதும் பையன் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணன் நாலு நாளா தூங்கல சார். விட்டுட்டேன்னு சொல்லுச்சு, அம்மா நம்பல."

நம்பலாம் என்றேன். அந்தத் தூக்கமின்மைதான் அவன் விட்டதற்கு அடையாளம்.

பாக்கை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. தாம்பூலத் தட்டில் இருப்பதை எப்படிக் குற்றம் சொல்வது? எங்கள் அம்மாயி சுருக்குப் பையை மறந்து மலைக்கு ஏறிவிட்டால், பாதி வழியில் கொழுந்துக் கூடையோடு திரும்பி லயத்துக்கு இறங்குவார். பேர் வெட்டுப்பட்டு அன்றைய சம்பளம் போனாலும் பரவாயில்லை. அதற்குப் பேரும் அடிமைத்தனம்தான். பாக்கிலுள்ள அரெகோலின் மூளையைத் தூண்டுகிறது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்தது 2004இல். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். மெல்லும் புகையிலைப் பொருட்களை அரசு 2016இல் தடை செய்தது. ஆனாலும் பாக்கும் புகையிலையும் கலந்த மாவா பொட்டலம் இன்னும் பள்ளிக்கூடப் பைகளில் கிடக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கினால் வழியெல்லாம் பொலிஸ் சோதனை, கஞ்சாவோடு பிடிபட்டால் வழக்கு. சிகரெட்டும் மதுவும் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்பாவுக்குச் சிகரெட் வாங்க எட்டு வயதுப் பிள்ளையை அனுப்புவதை மட்டும் நாம் யாரும் குற்றமாக நினைப்பதில்லை. எனக்கு இதுதான் வயிற்றெரிச்சல்.

அண்ணன் இப்போது சிகரெட் குடிக்கிறானா என்று கேட்டேன். முன்பைவிடக் கூட என்றான் பையன். கஞ்சா இரண்டு வாரத்தில் அடங்கிவிடும், கஷ்டமானது அந்த மற்றதுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாங்க என்று சொல்லி அனுப்பினேன்.