பல் கட்டப் போகிறவர்கள் பக்கத்துப் பல்லைப் பற்றிக் கேளுங்கள்

என் வாயிலிருந்து அறுத்தெடுத்த பிரிட்ஜ் ஒன்று, அதாவது போன பல்லுக்குப் பதிலாக ஒட்டி வைத்த பொய்ப்பல் வரிசை, சின்ன ஜிப் கவரில் மேஜை டிராயருக்குள் கிடக்கிறது. மூன்று பல், இரண்டு துண்டு. உலோகமே இல்லாத வெள்ளை செராமிக், ஜிர்கோனியா என்று சொல்லி வைத்தார்கள். அறுத்த இடத்தில் சாம்பல் நிற உலோகம் மினுங்குகிறது. அதுகூடப் பெரிய வருத்தமில்லை. அதற்கு அடியில் இருந்த ஒரு நல்ல பல் இப்போது இல்லை. ஒரு பல் போன இடத்தை நிரப்பப் போய் இன்னொன்றையும் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். பல் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நாற்காலியில் சாய்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கீழ்த்தாடையில் இடது பக்கம், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். ஆறு வயதை ஒட்டி முளைக்கிற முதல் கடைவாய்ப்பல் அது. சீக்கிரம் வருவதாலோ என்னவோ, பலருக்குச் சீக்கிரம் சொத்தையாவதும் அதுதான். எனக்கும் இரண்டு முறை அடைத்து, கடைசியில் வேரோடு பிளந்துபோய்ப் பிடுங்க வேண்டியதாயிற்று. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பல் போனால் சொல் போகும் என்பார்கள். கடைவாய்ப்பல் போனால் சொல்லுக்கு ஒன்றும் ஆகாது, மெல்லுகிற பக்கம்தான் மாறும். மூன்று மாதம் வலது பக்கமாகவே மென்று சமாளித்தேன்.

அப்புறம்தான் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. பளிச்சென்ற இடம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே 'சிகிச்சை ஆலோசகர்' என்று ஓர் இளைஞர் உட்கார வைத்துப் பேசினார். அவர் டாக்டர் இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். டேப்லெட்டில் ஒரு வீடியோ காட்டினார். காலி இடத்தைப் பார்த்துப் பின்பல் சாய்கிறது, மேலே இருக்கிற பல் கீழே இறங்குகிறது. "இப்படியே விட்டீங்கன்னா மொத்த வரிசையும் குலைஞ்சுடும் சார்" என்றார்.

அது பொய் இல்லை, அதனால்தான் நம்பினேன். பக்கத்துப் பல் சாய்வதும் எதிர்ப்பல் இறங்குவதும் உண்மையிலேயே நடக்கிறவைதான். ஆனால் மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் நடக்கிறவை. எல்லோருக்கும் ஒரே அளவில் நடப்பதும் இல்லை. அன்று மாலைக்குள் முடிவெடுத்தாக வேண்டிய அவசரம் அதில் எங்கேயும் கிடையாது. அதை அவர் சொல்லவில்லை.

வழிகளைச் சொன்ன விதமும் அப்படித்தான். கழற்றி மாட்டுகிற பல்லா, "அதெல்லாம் வயசானவங்களுக்கு சார்." தாடை எலும்பில் திருகாணி வைத்து அதன் மேல் பல் பொருத்துகிற இம்ப்ளான்ட்டா, "ஆபரேஷன், எலும்பைத் துளைக்கணும், ஆறு மாசம் இழுக்கும்." பிரிட்ஜ் என்றால் மட்டும் "வலியே இல்லை, நாலு நாள்ல நிலையான பல், ஜிர்கோனியா, லைஃப்டைம் வாரன்டி." இப்படிக் கேட்டால் யார்தான் வேறொன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்?

நான் ஒரே ஒரு கேள்வி உருப்படியாகக் கேட்டேன். பக்கத்துப் பற்களை ஏதாவது செய்வீர்களா?

"லேசா ஷேப் பண்ணுவோம் சார், அவ்வளவுதான்."

அந்த 'லேசா' எவ்வளவு என்று இப்போது எனக்குத் தெரியும். பல்லை உறை மாதிரி மூடுகிற முழு கேப் மாட்ட வேண்டுமானால் பல்லின் மேல்புறம் பொதுவாக 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை எடுக்க வேண்டும், சுற்றிலும் 1 முதல் 1.5 மில்லிமீட்டர். எந்தப் பொருளில் கேப் என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். எனாமல் தன் தடிமனான இடத்திலேயே சுமார் 2.5 மில்லிமீட்டர்தான் இருக்கும். சீவிய எனாமல் திரும்ப வளரவே வளராது. அதாவது காலியான ஆறாவது இடத்துக்காக, ஒரு சொத்தைகூட இல்லாத ஐந்தாவது பல்லையும் ஏழாவது பல்லையும் காலத்துக்கும் கேப் போட்டே வாழ வேண்டிய பற்களாக மாற்றுகிறார்கள். ஏற்கெனவே பெரிய அடைப்பு உள்ள பல்லோ, கேப் தேவைப்படுகிற பல்லோ இருபுறமும் இருந்தால் அது நியாயமான பேரம். எனக்கு இருந்தவை முழுப் பற்கள்.

எக்ஸ்ரே எடுக்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார் டாக்டர், ஊசி போட்டார். உதடு தடித்து, பாதி முகம் என்னுடையது இல்லை என்பது போல ஆன பிறகு ஓர் உதவியாளர் டேப்லெட்டை நீட்டி, "இங்க ஒரு சைன் சார்" என்றார். சம்மதப் படிவம்! மல்லாக்கப் படுத்தபடி, கண்ணாடி இல்லாமல், விரலால் கிறுக்கினேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை படித்ததில்லை.

முக்கால் மணி நேரம் சீவினார்கள். வாய் கொப்பளிக்க எழுந்தபோது எதிரில் இருந்த கண்ணாடியில் பார்த்தேன். ஐந்தாவது பல் இருந்த இடத்தில் மழுங்கிய பென்சில் முனை மாதிரி மஞ்சளாக ஒரு குச்சி. பின்னால் அதே போல இன்னொன்று, கொஞ்சம் தடிமனாக, குட்டையாக. நடுவில் வெறும் ஈறு. அதைப் பார்த்த நொடியில்தான் 'பிரிட்ஜ்' என்ற சொல்லுக்கு அர்த்தம் புரிந்தது. பாலம் என்றால் இரண்டு கரையிலும் தூண் வேண்டும். தூண் செதுக்கியது என் பற்களில்.

நான்காவது நாள் பிரிட்ஜை ஒட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். மூன்றாவது வாரம் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. அப்புறம் தண்ணீர் இல்லாமலே ராத்திரியில் துடித்தது. "சில பேருக்கு நரம்பு தாங்காது" என்று சொல்லி, ஒட்டிய கேப்பிலேயே ஓட்டை போட்டு ஐந்தாவது பல்லுக்கு ரூட் கெனால் செய்து, ஓட்டையை அடைத்தார்கள். சீவும்போது உண்டாகும் சூட்டிலும் அதிர்விலும் உள்ளே இருக்கிற நரம்பு பாதிக்கப்படலாம் என்பது தெரிந்த அபாயம்தான். தெரிந்தது அவர்களுக்கு. எனக்கு ரூட் கெனாலுக்குத் தனி பில் வந்தபோது தெரிந்தது.

ஏழாவது பல் வலிக்கவே இல்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் ராத்திரி மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்பா, நீ பல்லே விளக்கலையா?" என்றாள். குழந்தைகளுக்கு நாசூக்கு தெரியாது, அதனால் உபகாரம்தான். மறுநாள் அதே கிளினிக்குக்குப் போனேன். சுற்றிலும் சுத்தம் செய்து, ஒரு மவுத்வாஷைக் கொடுத்து, "நீங்கதான் சார் ஒழுங்கா கிளீன் பண்ணணும்" என்று அனுப்பினார்கள். எப்படிச் சுத்தம் செய்வது? நடுவில் இருந்த பொய்ப்பல் ஈறின் மேல் சேணம் போட்ட மாதிரி இரண்டு பக்கமும் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடியில் நூல் நுழையாது, குட்டி பிரஷும் நுழையாது. பொய்ப்பல்லின் அடிப்பாகம் குவிந்து, ஈறைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், அடியில் நூலை விட்டு இழுக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதற்கென்றே முனை கெட்டியாக இருக்கிற ஃப்ளாஸ் விற்கிறது என்பதும் தெரியாது. வைத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னும் ஐந்தாறு மாதம் மவுத்வாஷோடு ஓட்டிவிட்டு வேறொரு டாக்டரிடம் போனேன். நடுத்தர வயது அம்மா ஒருவர். கையில் ஆடியைக் கொடுத்து, "பின்பல்லை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு சின்ன கருவியால் பிரிட்ஜின் பின்முனையை மேலும் கீழுமாக அழுத்தினார். கேப்பும் ஈறும் சேர்கிற விளிம்பில் எச்சில் குமிழியாக வந்தது. அழுத்தினால் குமிழி, விட்டால் உள்ளே இழுத்துக்கொள்கிறது. "சிமென்ட் விட்டுப் போச்சு. முன்னாடி இருக்கிற அஞ்சாவது பல் பிடிச்சிட்டிருக்கிறதால உங்களுக்கு ஆடுறது தெரியல. எவ்வளவு நாளா எச்சில் உள்ளே போய்வந்திட்டிருக்குன்னு தெரியல" என்றார்.

தனிக் கேப் என்றால் சிமென்ட் விட்டதும் கழன்று கையோடு வந்துவிடும், ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளலாம். பிரிட்ஜில் ஒரு முனை விட்டாலும் மறுமுனை தாங்கி நிற்கும். மூடியை எடுக்காத பாத்திரம் மாதிரி உள்ளே ஊறி ஊறிப் பல் அழுகும். பிரிட்ஜ் வைத்திருக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். பத்து வருடம் தாண்டி நன்றாக நிற்கிற பிரிட்ஜ்கள் ஏராளம். வாடை, ஒரு மாதிரி கெட்ட சுவை, கடிக்கும்போது லேசாக 'பொதுக்'கென்ற உணர்வு, இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நான் ஆறு மாதம் தள்ளிப்போட்டதில் என் தப்பும் இருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்தார். பிறகு பிரிட்ஜை அறுத்தார். பின்பல்லின் மேல்பாகம் ஈரமான கார்க் மாதிரி கருவியோடு சுரண்டிக்கொண்டு வந்தது. சொத்தை ஈறுக்குக் கீழே வேர்வரை போயிருந்தது, காப்பாற்ற வழியில்லை. ஐந்தாவது பல்லுக்கு மட்டும் ஆயுசு கெட்டி.

முதல் கிளினிக்குக்குப் போய்க் கேட்டேன். வாரன்டி அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்: பொருள் உடைந்தால்தான் உத்தரவாதம், அடியில் இருக்கிற பல் கெட்டால் இல்லையாம். சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே கொடுங்கள் என்றேன், எடுத்தால்தானே கொடுப்பதற்கு? பில்லில் ஜிர்கோனியா என்று இருந்ததா என்றால் அதுவும் இல்லை, 'பிரிட்ஜ், 3 யூனிட்' என்று மட்டும். உலோகத்தின் மேல் செராமிக் பூசிய பல் ஒன்றும் மட்டமான பொருள் இல்லை, பல காலமாக எல்லோரும் வைக்கிறதுதான். ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கில்லை. லேபிலிருந்து பல் வரும்போது கூடவே வருகிற சீட்டையோ கார்டையோ அன்றே கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. கடைசியாக ஒரு சலுகை சொன்னார்கள். முன்பக்கம் நான்காவது பல்லையும் "லேசா ஷேப்" பண்ணி, இலவசமாகவே பெரிய பிரிட்ஜாக வைத்துத் தருகிறார்களாம். எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது டாக்டர் இரண்டு உட்காரலில் எனக்குச் சொன்னதைத்தான் முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை, இருக்கிற ஒவ்வொரு வழியும் மிச்சமிருக்கிற பற்களை என்ன செய்யும் என்பதுதான்.

கழற்றி மாட்டுகிற பல் வயதானவர்களுக்கு மட்டும் என்பது சும்மா பேச்சு. அதற்குப் பக்கத்துப் பல்லை முழுக்கச் சீவத் தேவையில்லை. கம்பி பிடிக்க, தாங்க, கொஞ்சம் இடம் செய்வார்கள், சில சமயம் அதுவும் வேண்டாம். அக்ரிலிக்கில் இருக்கிறது, கோபால்ட் குரோம் உலோகச் சட்டத்தில் மெல்லிசாகச் செய்வது இருக்கிறது, வளைகிற நைலானிலும் இருக்கிறது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், சுடுதண்ணீரில் போட்டால் கோணிக்கொள்ளும். தொந்தரவுதான், பிடிக்காவிட்டால் நாளைக்கு மனதை மாற்றிக்கொள்ளலாம். சீவிய பல்லில் அது முடியாது. முன்பல் ஒன்று போனவர்களுக்கு, பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் சிறகு மாதிரி ஒட்டுகிற பிரிட்ஜும் உண்டு. அதிலும் சீவல் மிகக் குறைவு. கடைவாயில் கடிக்கிற பலத்துக்கு அது அவ்வளவாகச் சரிப்படாது என்றார்.

இம்ப்ளான்ட் பக்கத்துப் பல்லைத் தொடுவதே இல்லை. முயல் எலும்பில் வைத்த டைட்டானியம் கழற்ற முடியாதபடி எலும்போடு ஒட்டிக்கொண்டதை ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் 1952-ல் கவனித்தார். 1965-ல் முதல் மனிதருக்கு வைத்தார். அப்படி எலும்பு பிடிப்பதற்குத்தான் மூன்று முதல் ஆறு மாதம், 'இழுப்பது' இல்லை. அதிலும் ஏமாற இடம் இருக்கிறது. கீழ்த்தாடைக்குள் உதட்டுக்குப் போகிற நரம்பு ஓடுகிறது. முப்பரிமாண ஸ்கேன் எடுத்து எலும்பின் உயரமும் அகலமும் பார்க்காமல் துளைத்து அதைத் தொட்டுவிட்டால் உதடு மரத்தே போகலாம். சர்க்கரை, புகை, எலும்புத் தேய்மானத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரை, மூன்றையும் கேட்காத இடத்தில் திருகாணி வைத்துக்கொள்ளாதீர்கள். இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெட்டு ஆடிப்போகலாம், விளக்கத்தான் வேண்டும். வைத்த திருகாணியின் கம்பெனி, அளவு, லாட் எண் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிவையுங்கள். பத்து வருடம் கழித்து மேலே இருக்கிற பாகம் உடைந்தால், அது எந்தக் கம்பெனி என்று தெரியாத டாக்டர் ஒன்றும் செய்ய முடியாமல் முழிப்பார்.

நான் எதிர்பார்க்காத இன்னொரு வழியும் சொன்னார்: சும்மா விடுவது. எனக்கு இப்போது ஆறும் இல்லை, ஏழும் இல்லை. "ஆறுக்கு மட்டும் வைப்போம். ஏழு இல்லாமலே நீங்க நல்லா மெல்லுவீங்க" என்றார். முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் எதிரெதிரே சேர்ந்தால் பலருக்கு அதுவே போதும் என்று நெதர்லாந்தில் கைசர் என்ற பல் மருத்துவர் 1981-லேயே எழுதியிருக்கிறாராம். ஒரு பல் டாக்டர் வாயிலிருந்து "இது வேண்டாம், விடுங்க" என்று கேட்டது அன்றுதான்.

ஆறில் மட்டும் எலும்பு கொஞ்சம் மெலிந்துபோயிருந்தது. பிடுங்கிய பிறகு அந்த இடத்து எலும்பு கரையும், முதல் வருடத்தில்தான் அதிகம் கரையும். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். கொஞ்சம் எலும்புத்தூள் சேர்த்து இம்ப்ளான்ட் வைத்திருக்கிறார். ஏழாவது வாரம் நடக்கிறது. இடது பக்கம் இன்னும் மெல்லக் கூடாது. நாக்கு அந்தப் பக்கமே போய்ப் போய் வருகிறது.

நேற்று அந்த முதல் கிளினிக்கிலிருந்து போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. என் பிரிட்ஜுக்கு அரையாண்டுப் பரிசோதனை நெருங்குகிறதாம், தவறினால் வாரன்டி செல்லாதாம்.