பிரெஞ்சுத் தையலா, ஓவர்லாக்கா?

கவுனின் உள்பக்கப் பிசிறை அடக்க ஓவர்லாக் (துணி ஓரத்தை நூலால் சுற்றித் தைக்கும் தனி மெஷின்) வேகமான வழி. அந்த மெஷின் இல்லையென்றால் ஜிக்ஜாக் தையலே சமாளிக்கும்.

பிரெஞ்சுத் தையலுக்குச் சாதாரண மெஷின் போதும், பொறுமைதான் கூடுதலாக வேண்டும். தையலுக்கு 1.5 செ.மீ. விட்டு வெட்டியிருந்தால், துணியின் உள்பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து 6 மி.மீ. தள்ளி முதல் தையல். ஓரத்தை 3 மி.மீ. ஆக நறுக்கி, வெளிப்பக்கங்கள் ஒன்றோடொன்று சேரும்படி திருப்பி, அயர்ன் செய்து (இதைத் தவிர்க்கவே கூடாது), 9 மி.மீ. தள்ளி இரண்டாவது தையல். பிசிறு உள்ளேயே அடைபட்டுவிடும். வாயில் (voile) துணி மாதிரி மெல்லிய துணிக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

டெனிமில் மொத்தையாக நிற்கும், வேண்டாம். அப்புறம், பின்னால் பிரித்து அளவு மாற்றுவதும் பெரும்பாடு. வளரும் பிள்ளையின் கவுன் என்றால் பக்கத் தையலுக்கு ஓவர்லாக்கே சரி.