தோள் நோவுக்கு வாங்கிய ரப்பர் பட்டி: ஐந்து மாதப் பாவனைக்குப் பிறகு

பெப்ரவரியில் ஒரு பின்னேரம் 42 கிலோவை ஸ்னாட்ச் முறையில், அதாவது நிலத்திலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல், தூக்கும்போது வலது தோளில் சுருக்கென்று ஒரு நோ. அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் இன்னும் நான்கு முறை தூக்கினேன். இரண்டு கிழமைக்குள் கரும்பலகையின் மேல் வரியில் சமன்பாடு எழுதக் கை உயரவில்லை. நோ இருந்தது மூட்டுக்குள் அல்ல, மேற்கையின் வெளிப்பக்கம், தடுப்பூசி போடுகிற இடத்தில். கையைப் பக்கவாட்டில் உயர்த்தினால் பாதி வழியில் பிடிக்கும், அதைத் தாண்டினால் விட்டுவிடும். இரவில் வலப்பக்கம் திரும்பிப் படுத்தாலே விழிப்பு வந்துவிடும். தலை பின்ன அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. எனக்கு வயது 34.

நான் இங்கே சொல்லப்போவது, அந்த நோவிலிருந்து வெளியே வர எனக்கு உதவிய ஒரு ரப்பர் பட்டியைப் பற்றி. திருகோணமலை டவுனில் ஒரு மருந்துக்கடையில் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்றரை மீற்றர் நீளம், விரல்களை விரித்து வைத்தால் உள்ளங்கையை மூடுகிற அகலம், பலூன் தோல் போல மெல்லிசு. கையில் எடுத்துப் பார்த்தபோது, 60 கிலோ தோளில் ஏற்றுகிற எனக்கு இது என்ன செய்யும் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு முன் செய்தவற்றையும் சொல்ல வேண்டும். ஆறு கிழமை ஜிம் பக்கமே போகவில்லை. அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏழு கிணற்று வெந்நீரையும் தோளில் வாளி வாளியாக ஊற்றினார். அன்று இரவு நன்றாக உறங்கினேன், அது உண்மை. ஆனால் ஏழாவது கிழமை பாரை, அதாவது எடைத்தட்டு மாட்டாத வெறும் இரும்புத் தண்டை, தலைக்கு மேல் உயர்த்தியதும் அதே இடத்தில் அதே நோ. ஓய்வில் நோ தணிகிறது, தோளுக்குப் பலம் வரவில்லை. இந்த வித்தியாசம் அப்போது எனக்குப் புரியவில்லை.

விளங்க வைத்தவர் ஒரு பிசியோதெரபி அக்கா. தோள் பந்தை அதன் குழியில் பிடித்து வைத்திருப்பது ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு தசைகளும், அவற்றை எலும்போடு இணைக்கிற தசைநாண்களும்தான் என்றார். அதில் மேலே ஓடுகிற சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாண், தோள் எலும்பின் நுனிக்குக் கீழே ஒரு ஒடுக்கமான இடத்தால் போகிறது. அந்தத் தசைநாணால் தாங்க முடிந்ததை விட வேகமாக நான் பாரத்தைக் கூட்டியிருக்கிறேன். தசை சில கிழமையில் பலம் கூடிவிடும். தசைநாண் அப்படியல்ல, அதற்கு மாதங்கள் வேண்டும். சும்மா விட்டால் அது இன்னும் சோர்ந்துபோகும். அளவான பாரம் கொடுத்தால்தான் தேறும்.

நோகாத அளவுக்குத்தான் செய்ய வேண்டுமோ என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர். பத்துக்கு மூன்று வரைக்கும் நோகலாம். அடுத்த நாள் விடிய எழும்பேக்க கூடியிருந்தா மட்டும் குறையுங்கோ."

என் ஐந்து மாதமும் இந்த ஒரு கணக்கில்தான் ஓடியது. மூன்றுக்கு மேல் போனால் நிறுத்துவேன். மூன்றுக்குள் இருந்து அடுத்த நாள் காலையில் தணிந்திருந்தால் தொடர்வேன்.

முதல் இரண்டு கிழமை பட்டியே தேவைப்படவில்லை. முழங்கையை இடுப்போடு ஒட்டி, செங்கோணத்தில் மடக்கி, புறங்கையால் சுவரைத் தள்ளிக்கொண்டு அசையாமல் 45 செக்கன் நிற்க வேண்டும். ஐந்து தடவை. அதற்குப் பிறகுதான் பட்டி. ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். இங்கேதான் அக்கா ஒரு சின்ன விஷயம் செய்தார். ஒரு முகம் துடைக்கும் துவாயை உருளையாகச் சுருட்டி என் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்தார். "இது விழக்கூடாது." முதல் தடவையே விழுந்துவிட்டது. நான் தோளைத் தூக்கி, முதுகை வளைத்து, முழு உடம்பாலும் பட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். துவாய் விழாமல் இழுத்தபோது தோள்பட்டைக்குப் பின்னால், இவ்வளவு காலமும் இருப்பதே தெரியாத ஒரு இடத்தில் எரிந்தது. 42 கிலோ தூக்குகிற கைக்கு அந்த மெல்லிய ரப்பரைப் பன்னிரண்டு தடவைக்கு மேல் இழுக்க முடியவில்லை. வெளியே போக இரண்டு செக்கன், திரும்பி வர மூன்று செக்கன். திரும்பி வருவதுதான் கஷ்டம், பட்டி கையைப் பறித்துக்கொண்டு போகப் பார்க்கும்.

இனி பட்டியின் குறைகள். முதலாவது நிறம். அக்காவிடம் இருந்தது தெராபாண்ட் என்கிற தயாரிப்பு. அதில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளி, தங்கம் என்று இழுவை கூடிக்கொண்டே போகும். சிவப்பு வாங்குங்கோ என்றார், வாங்கினேன். ஆனால் நான் வாங்கியது வேறு தயாரிப்பு. அதன் சிவப்பு, அக்காவிடம் இருந்த பச்சை அளவுக்கு இழுத்தது. முதல் கிழமையே அடுத்த நாள் காலை நோ கூடிவிட்டது. எல்லாக் கம்பனியும் ஒரே நிற வரிசையைப் பின்பற்றுவதில்லை, ஆகவே கடையிலேயே ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பதினைந்து தடவை துவாய் விழாமல் இழுக்க முடிகிற பட்டிதான் தொடக்கத்துக்குச் சரி.

இரண்டாவது, நம் ஊர். எங்கள் வீடு உப்புவெளிப் பக்கம். ஜன்னல் கம்பியெல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சொரசொரவென்று இருக்கும். பட்டியை அதிலேயே கட்டி வெயிலில் தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். மே, ஜூனில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தபோது அதன் மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகள் வந்தன. இழுத்தால் கோடுகள் விரியும், விட்டால் மறையும். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜூலையில் ஒரு நாள் இழுத்த இழுப்பில் அறுந்து முன்கையில் அடித்தது, சிவந்து தடித்துவிட்டது. கண்ணில் பட்டிருந்தால்? லேடெக்ஸ் என்கிற இந்த ரப்பர் வெயிலுக்கும் சூட்டுக்கும் தாங்காது. கோடு கண்டால் அன்றைக்கே வீசிவிடுங்கள். இப்போது இரண்டாவது பட்டிக்குக் கொஞ்சம் பவுடர் பூசி, சுருட்டி, பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரிக்குள் வைக்கிறேன். கட்டும் இடத்தில் கம்பியைச் சுற்றி ஒரு பழைய சீலைத் துண்டு. லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது கலக்காத பட்டிகளும் இருக்கின்றன, கேட்டு வாங்க வேண்டும்.

நீளமும் போதாது. வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சிக்கு ஒன்றரை மீற்றர் தாராளம். ஆனால் காலில் மிதித்துக்கொண்டு, பெருவிரல் மேலே பார்க்க, கையைச் சற்று முன்சாய்வாக உயர்த்தும்போது இழுவை திடீரென்று கூடிவிடுகிறது. இரண்டு மீற்றர் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பலன் மெதுவாகத்தான் வந்தது. மூன்றாம் கிழமை நானே தலை பின்னினேன். ஆறாம் கிழமை கரும்பலகையின் மேல் வரி. இரவு முழுக்க வலப்பக்கம் படுத்து உறங்க இரண்டரை மாதம் ஆனது, அந்தக் காலை எழும்பியதும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். பட்டியோடு மட்டும் நின்றுவிடவும் கூடாது. தலைக்கு மேல் பாரம் பிடிக்கிறவர் தலைக்கு மேல் பிடித்துத்தான் தேற வேண்டும். எங்கள் ஜிம்மில் இருப்பது 20 கிலோ ஆண்கள் பார் மட்டும், போட்டியில் பெண்களுக்குரியது 15. அதனால் முதலில் ஒரு பிவிசி குழாய், பிறகு அதற்குள் மணல், பத்தாம் கிழமைக்குப் பிறகுதான் பார்.

விழுந்து அடிபட்டுக் கை உயராமல் போனவர்கள், கை விறைக்கிறவர்கள், தோள் வீங்கிக் காய்ச்சலும் வந்தவர்கள் பட்டியை நம்பி இருக்க வேண்டாம். முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். மற்றவர்களும் ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் கொண்டு பார்ப்பித்துவிட்டு வாங்குங்கள். அந்தத் துவாயை எனக்குப் பட்டியோடு யாரும் தரவில்லை.

இரண்டாவது பட்டி பச்சை. ஒன்றுவிட்டு ஒரு நாள், பின்னேரப் பாடக் கொப்பிகள் திருத்த முன், மூன்று சுற்று. போன சனிக்கிழமை 35 கிலோ ஸ்னாட்ச் மூன்று தடவை தூக்கினேன். அன்று நோ பத்துக்கு ஒன்று. ஞாயிறு காலை எழும்பிக் கையை மெதுவாகப் பக்கவாட்டில் உயர்த்திப் பார்த்தேன், எங்கேயும் பிடிக்கவில்லை.